காசியம்மாளின் செருப்பு

மே 6, திங்கள்

புதிதாக வந்தவர் செருப்போடு படுத்திருந்தார். காலையில் கஞ்சி கொண்டுபோனபோது முதலில் அதுதான் கண்ணில் பட்டது. பெயர் காசியம்மாள். அம்மா வயதுதான் இருக்கும். செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் கிடந்தவரை, சபைக் காப்பகத்தை நடத்தும் ரூத் அக்கா நேற்று இங்கே அழைத்துவந்தார். நானும் அம்மாவும் இப்படி வந்தவர்கள்தான். இப்போது சமையல் எங்களுடையது.

மே 7

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து இதே அண்டா, இதே கரண்டி. தோள் விட்டுப்போகிறது.

மே 8

காசியம்மாள் ஜெபத்துக்கு வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"செருப்ப வுட்டுட்டு உள்ள வாம்மா" என்றார் ரூத் அக்கா.

"வுட்டா அடிச்சினு பூடுவானுங்க."

"ஆண்டவர் வூட்டுல யாரு திருடுவா?"

"ஸ்டேஷன்லயும்தான் சாமி படம் மாட்டிகீது. அங்கதான் அடிச்சான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் போனால் அவர் காலிலிருந்து வாடை.

மே 9

நர்ஸ் ஜெனிஃபர் அக்கா வந்து பார்த்தார். வலது காலில் செருப்பு வார் புண்ணுக்குள் பதிந்திருக்கிறது. போன வெயிலில் செருப்பு திருட்டுப்போய், தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்த புண்ணாம்; அப்புறம் கிடைத்த இந்தச் செருப்பைக் கழற்றவே இல்லையாம். உடனே கழுவிக் கட்டாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவருமாம். காசியம்மாள் தொடவிடவில்லை. நாளை மறுபடி வருகிறேன் என்று ஜெனிஃபர் அக்கா போனார்.

ரூத் அக்கா புதுச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொன்னார். "புதுசுனா இன்னும் சீக்கிரம் அடிப்பானுங்க."

சாயங்காலம் காசியம்மாள் துணி மூட்டையைக் கட்டிவிட்டார். காலையில் கிளம்புகிறாராம். போகாதீங்க என்று ஒரு வார்த்தை... அதுகூட வாயில வரல. ஏன் நான் மட்டும் இப்டி கீறேன்?

மே 10, வெள்ளி

வெந்நீர் பேசினோடு ஜெனிஃபர் அக்கா காத்திருந்தார். ரூத் அக்கா கெஞ்சி ஓய்ந்துவிட்டார். "வுடுங்க, அவங்க இஷ்டம்" என்றாள் அம்மா, அலுத்துப்போய். காசியம்மாள் மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

என் செருப்பைக் கழற்றினேன். மூட்டைமேல் வைத்தேன்.

"இன்னாடி இது?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"உங்களுத நான் வச்சிருக்கேன், அத்த. திருப்பித் தர்ற வரைக்கும் இத நீங்க வச்சிகிங்க."

அவர் என் செருப்பைப் புரட்டிப் பார்த்தார். "வாரு பிஞ்சி ஊக்கு மாட்டிகினு கீற. இத எவன் அடிப்பான்?"

ஆனாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு வலது காலை நீட்டினார்.

ஜெனிஃபர் அக்கா கட்டுப் போட்டு முடிக்கும்வரை, காசியம்மாளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.