திறந்தால்தான் கயிறு அவிழும்

அண்ணே,

இன்று காலை படகுகள் அணையும் ஜெட்டியில் லைஃப் ஜாக்கெட்டுகளை வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். உப்பும் பூஞ்சையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. பேச்சை நிறுத்தியது நீங்கள். ஆரம்பிப்பது நானாக இருக்கட்டும்.

தீவுக்குத் தீவு ஆள் ஏற்றிப் போகும் படகில் நீங்கள் சராங், படகை ஓட்டும் தலைவர். அங்கே உங்கள் வார்த்தைதான் சட்டம். நான் கயிறு கட்டி அவிழ்க்கும் புதுக் கலாசி. பயணிகள் தலைக்கு வைத்துப் படுத்து அழுக்காக்குகிறார்கள், சோதனைக்கு வருகிறவர்களுக்குப் புதிதாகக் காட்ட வேண்டும் என்று லைஃப் ஜாக்கெட்டுகளை அறையில் போட்டுப் பூட்டிவிடுவீர்கள். சாவி உங்கள் இடுப்பில்.

அன்று கடல் சரியில்லை. படகு நிறையப் பிள்ளைக்காரிகள்.

"அண்ணே, ரூமைத் திறங்க. ஆளுக்கொண்ணு குடுத்துட்டுப் போவோம்."

"க்யா ரே, நேத்து வந்த பய நீ. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் வக்கீலாயிட்டியா? கயித்தை அவுத்து விடுடா."

"திறங்க, அவுக்கிறேன்."

"வேலை போயிரும்டா."

"போகட்டும்ணே."

படகே நம்மைப் பார்த்தது. ஒரு வங்காளிப் பெரியவர், "க்யா ஹுவா, பாய்?" என்று என்ன ஆச்சென விசாரித்தார். நீங்கள் சாவியை என் காலடியில் எறிந்தீர்கள். எல்லோருக்கும் நானே மாட்டிவிட்டேன். அக்கரை சேர்ந்ததும், "பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்றீர்கள். என்னிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். சில நாளில் உங்கள் சொல்லின்பேரில் என்னைக் கரைவேலைக்கு மாற்றினார்கள்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனாலும் நான் சொன்னது சரி. உங்களை அடக்கம் செய்த அன்றும் மனதுக்குள் இதையே சொல்லிக்கொண்டு நின்றேன். என்னைக் கடலிலிருந்து இறக்கிவிட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையை நீங்கள் பூட்டவே இல்லை என்று மற்ற கலாசிகள் சொல்லித்தான் தெரியும். நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று, அண்ணே. படகிலிருந்து எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டக் கரையில் நான் எங்கே நின்றாலும், நேராக அங்கேதான் படகைக் கொண்டுவந்து அணைப்பீர்கள். முகம் மட்டும் கடல் பக்கம் திரும்பியிருக்கும். தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல, ஒரு சத்தம் இருக்காது.

ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் டெலானிபூர் வீட்டிலிருந்து ஜெட்டிக்கு இறங்கிப் போய் நிற்கிறேன். படகுகள் வருகின்றன, எங்கெங்கோ அணைகின்றன. "ஹடோ தாத்தா, தள்ளுங்க, கயிறு வருது" என்கிறார்கள் புதுக் கலாசிகள். நான் நகர்வதில்லை.