பன்றிகள் குறையவில்லை

இன்று காலை வேர்க்கடலைச் செடி பிடுங்கியபோது, ஈர மண்ணோடு பச்சைக் கடலை வாசம் வந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கவும் அதிகம் இல்லை. பாதிக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் உழுதுவிட்டுப் போயிருந்தன. நேற்று வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தாய்ப்பன்றி ஏழு குட்டிகளோடு மலையிலிருந்து இறங்கியது. முதுகில் கோடு போட்ட சின்னக் குட்டிகள். நீ இருந்திருந்தால் உடனே குறித்துக்கொண்டிருப்பாய்.

புத்தூர் கல்லூரியில் ஒரே பெஞ்சில் விலங்கியல் படித்தோம். நீ அங்கேயே வாத்தியார் ஆனாய். நான் நாகலாபுரத்துப் பக்கம் அண்ணனோடு விவசாயத்துக்கு வந்துவிட்டேன். லீவு நாட்களில் நீ பைக்கில் வந்து பன்றித் தடங்களை எண்ணுவாய். "எண்ணி இன்னாடா பண்ணப் போற? சுட்டுத் தள்ளினா குறையும்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். உனக்குக் கோபமே வரவில்லை.

"நாலைச் சாவடிச்சா மீதி கீறதுக்குத் தீனி ஜாஸ்தி கிடைக்கும். அடுத்த ஈத்துல குட்டிங்க ஜாஸ்தி பொழைக்கும். காடு எவ்ளோ தாங்குமோ அவ்ளோதான்டா நிக்கும். ஆனா அதுங்களுக்கு உன் கொல்லையும் காடுதான்."

"முன்னெல்லாம் எப்படி அடங்கிக் கெடந்துது?"

"செந்நாய் இருந்துது, குட்டிங்களத் துன்னுக்கினு. இப்போ எங்க கீது?"

ஆடு பிடிக்கிறதென்று எங்கள் நைனாதான் செத்த ஆட்டில் மருந்து வைத்தார். ஓடைக்கரையில் ஐந்து செந்நாய்கள் வாயில் நுரையோடு கிடந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை உன்னிடம் சொன்னதேயில்லை.

சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டுமல்ல. நாம் அப்படிப் பேசிய வருஷம் விளைச்சலில் முக்கால்வாசி போனது. அண்ணன் மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்துக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டினார். "ஒர்த்தன்கிட்டயும் வாயத் தொறக்காத. உன் வாத்தியாருக்குத் தெரிஞ்சா பாரஸ்ட்காரன இட்டுக்கினு வந்துடுவான்" என்றார். நான் தலையாட்டினேன். பொழுது விடிந்ததும் அவரே அணைத்துவிடுவார், ஆள் நடமாடும் நேரத்தில் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போன் செய்தாய். "நாளைக்கு வெள்ளனவே வரேன்டா. தடம் அழியறதுக்குள்ள பாக்கணும்." வேண்டாம் என்றிருக்கலாம். எட்டு மணிக்கு மேல் வா என்றாவது சொல்லியிருக்கலாம். "சரி, வா" என்றேன். முன்னாலேயே போய் ரோட்டில் உன்னை மடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

விடியுமுன் நான் போனபோதே உன் பைக் மட்டும் ரோட்டோரத்தில் நின்றிருந்தது. கொட்டகைக்கு ஓடி சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். வரப்பில் குப்புறக் கிடந்தாய். புரட்டினேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அந்தக் கம்பியில் செத்தது இரண்டு பன்றிகளும் நீயும். அடுத்த மழைக்குப் பன்றிகள் முன்னைவிட அதிகமாகவே வந்தன, நீ சொன்னபடி. தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் ஜெயிலுக்குப் போனார். ஜாமீனில் வந்தவர் இன்றுவரை யாரோடும் பேசுவதில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மனைவி என்னைத்தான் கேட்டாள். "கம்பி கட்டினது உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாதும்மா."

நம்பிவிட்டாள். "உங்க அண்ணன் பண்ணினதுக்கு நீங்க இன்னா செய்வீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

வருகிற தை மாதம் உன் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் உன் மனைவி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அவர் இடத்துல நீங்களும் அண்ணியும் நின்னு தாரை வாத்துக் குடுங்கண்ணா. எங்களுக்கு வேற யாரு கீறாங்க?" என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல, ஏன் என்று சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். நீ பிடித்துக் கொடுக்க வேண்டிய கையை, அந்தப் பொய்யோடு நான் பிடித்துக் கொடுக்கப்போகிறேன்.