வேம்புக்கு எவன் பொட்டு வைப்பான்

மார்கழி 13, ஞாயிறு

பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. நடை: ரேஷன் கடை வரை. போக வர 12 நி. அதற்கே மூச்சு.

மலைக்குத் திரும்பி இன்றோடு நான்கு நாள். ஏழு மாதம் வேலூரில் தங்கை வீடு. இடது மார்பு எடுத்தாயிற்று. ஊசி ஆறும் முடிந்தது. கரண்ட் வைத்ததும் முடிந்தது. இனி மாத்திரையும் நடையும்தான். நர்ஸம்மா சொன்னது: தினம் முப்பது நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகமாம். வேலூரில் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நடந்தேன். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. இங்கே வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் குப்பம்மா. பக்கத்து வீடு. பத்து வருஷமாக என் வியாபாரத்துக்குப் புளி தட்டுகிறவள்.

"எங்கக்கா போய்ட்டு வர்ற?"

"எங்கயும் இல்ல. சும்மா நடந்தேன்."

"எங்கயும் இல்லாத எடத்துக்கு எதுக்குக்கா போற?"

வாயாடி. ஆனால் வழக்கமாகப் பத்து கேள்வி கேட்பவள், இரண்டோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏன்?

மார்கழி 14, திங்கள்

நடை: ரேஷன் கடை தாண்டி அடிபம்பு. 15 நி. இன்று கையில் வெறும் சாக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். சாக்கு இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அடிபம்பில் இரண்டு பெண்கள், என் காது கேட்கவே:

"சாக்கு எடுத்துக்கினு போச்சு, வெறும் சாக்காவே வருதே."

"மரம் பாக்குது, வேற இன்னா."

மரம் பார்ப்பது என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம். புளியமரத்தடியில் நின்று அண்ணாந்து, எத்தனை மூட்டை தேறும் என்று கண்ணால் எடைபோடுவது. நான் மூச்சு வாங்க நின்றதை அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் இந்நேரம் மரம் பேசி முடித்திருக்க வேண்டும். மேட்டுக்காட்டில் ஊருக்குப் பொதுவாக அறுபது புளியமரம். பன்னிரண்டு வருஷமாக நான்தான் குத்தகைக்கு எடுக்கிறேன். செங்கம் சந்தையில் தலைக்கூடையோடு நின்றவளை ஆளாக்கியது அந்த அறுபது மரம். ஒவ்வொரு மார்கழியிலும் பத்தாம் தேதிக்குள் ஊர்க் கவுண்டர் என் வீட்டுக்கு வந்து, "எப்ப பொட்டு வைக்கிற?" என்பார். பேச்சு முடிந்ததும் மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு. பொட்டு வைத்த மரத்தை வேறு வியாபாரி தொடமாட்டான்.

இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. நானாகப் போய்க் கேட்டால் பயந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும். கேட்கக்கூடாது.

மார்கழி 17, வியாழன்

நடை: ஓடை வரை. 22 நி. அங்கே ஒற்றைப் புளி. அடியில் உட்கார்ந்து சாய்ந்தேன்.

ரவிக்கைக்குள் இடது பக்கம் மடித்து வைக்கும் துணி நடக்க நடக்கக் கழுத்துக்கு ஏறிவிடுகிறது. யோசித்து, பழைய பருத்திப் புடவையில் சின்னப் பை தைத்து அதில் சாமை நிரப்பினேன். வலது பக்கத்தைக் கையில் ஏந்திப் பார்த்து அதே கனத்துக்கு. தராசு வேண்டியதில்லை. இத்தனை வருஷக் கை. நன்றாக உட்காருகிறது.

ஓடை மணலில் ஜீப் சக்கரத் தடம். அகலமான டயர். இங்கே அந்த டயர் யாரிடமும் இல்லை. செங்கம் புளி வியாபாரி தணிகாசலத்திடம் உண்டு. போன வருஷமே மேட்டுக்காட்டைக் கேட்டுப் பார்த்தவன். அப்போது நான் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன்.

மார்கழி 19, சனி

இரண்டு நாள் தூறல். நடை இல்லை. சுவரில் விரலால் ஏறும் பயிற்சி மட்டும். இடது கை தோள்வரை வந்து நின்றுவிடுகிறது. சுவரில் பென்சில் கோடு போட்டேன்.

சாமைப் பையில் எறும்பு. முழுதும் கொட்டி வறுத்து மறுபடி நிரப்பினேன். சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

மார்கழி 20, ஞாயிறு

ஓடைப் புளியில் சுண்ணாம்புப் பொட்டு! தூறலில் கரையாத புதுப் பொட்டு. நான் வைக்கவில்லை.

ஒன்று விசித்திரம். உயரம். நெஞ்சு உயரத்தில் இல்லை, இடுப்புக்கும் கீழே. ஒளித்து வைத்தது போல. என் கண்ணில் படக்கூடாது என்று குனிந்து வைத்திருக்கிறான். தணிகாசலம்தான். ஓடையில் ஆரம்பித்து மேட்டுக்காடுவரை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான்.

கோபத்தில் அடுத்த வளைவுவரை போய்விட்டேன். அங்கிருக்கும் இரட்டைப் புளியில் பொட்டு இல்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். 27 நி.

மார்கழி 22, செவ்வாய்

இரட்டைப் புளியிலும் பொட்டு. அதே தாழ்வான உயரம்.

திரும்பும்போது கவுண்டர் எதிரே வந்தார், தோளில் கொடுவாள்.

"இன்னாம்மா, மரம் பாக்கவா?"

"இல்லீங்க. நடக்க."

"நடக்கவா?" நின்று, தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தார். மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போல. "நட, நட. நல்லா நட." சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு எப்படி என்றும் கேட்கவில்லை.

29 நி.

மார்கழி 25, வெள்ளி

நடை: வேப்பமரம் வரை. 33 நி. நர்ஸம்மா கேட்டதைத் தாண்டியாயிற்று. பொட்டு தேடிப் போனதில் தூரம் தெரியவில்லை.

வேம்பின் அடியில் உட்கார்ந்து வழியைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. பின்னால் சருகு மிதிபடும் சத்தம் ஒருமுறை. கரடியோ என்று பயந்து எழுந்தேன். ஒன்றும் இல்லை.

குப்பம்மாவிடம் மெல்ல விட்டுப் பார்த்தேன்.

"தணிகாசலம் ஜீப்பு இந்தப் பக்கம் வந்துச்சாமே?"

"ஜீப்பு வரும் போகும். எனக்கு இன்னாக்கா தெரியும்?"

கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். இவளும் விலைபோய்விட்டாள்.

மார்கழி 27, ஞாயிறு

காய்ச்சல் போல. நேற்றும் இன்றும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் வைத்த இடம் கருத்துத் தோல் எரிகிறது. தங்கையிடம் போனில் பேசினேன். வேலூர் ஆஸ்பத்திரியைக் கேட்டுச் சொன்னாள்: சூடு கூடினால் உடனே வா, இல்லையென்றால் ஓய்வு. சூடு கூடவில்லை.

குப்பம்மா கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். சந்தேகம் இருந்தாலும் பசி பசிதான்.

மார்கழி 28, திங்கள்

தேவலை. மெதுவாக வேம்பு வரை.

வேம்பில் பொட்டு. வேம்புக்கு எவன் பொட்டு வைப்பான்? வேப்பங்கொட்டையை ஏலம் எடுக்கப்போகிறானா?

அதோடு போகவில்லை. வேம்புக்கு அப்பால் நாவல் மரம் ஒன்று, நூறு அடி தள்ளி. அதிலும் பொட்டு தெரிந்தது. அங்கே நான் இதுவரை போனதே இல்லை.

இரவெல்லாம் இதே யோசனை ஓடும். யோசித்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்:

பொட்டு 1, ஓடைப் புளி. நான் உட்கார்ந்த இடம்.
பொட்டு 2, இரட்டைப் புளி. உட்கார்ந்த இடம்.
பொட்டு 3, வேம்பு. உட்கார்ந்த இடம்.
பொட்டு 4, நாவல். உட்காரவில்லை.

நாலாவது மட்டும் இல்லையென்றால் சொல்லிவிடுவேன்: யாரோ என் பின்னால் வருகிறார்கள்.

மார்கழி 30, புதன். போகி

ஊரெல்லாம் புகை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு சோதனை. இன்று மரத்தடியில் உட்காரவில்லை. வேம்புக்கு இப்பால், வழியோரப் பாறையில் போய் உட்கார்ந்தேன். மொட்டைப் பாறை. காயும் இல்லை, இலையும் இல்லை. எந்த வியாபாரிக்கும் வேண்டாத பொருள்.

தை 1, வியாழன்

பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்ப ஒன்பதாகிவிட்டது.

பாறையில் பொட்டு.

ஆக, மரத்துக்கு இல்லை பொட்டு. எனக்கு.

மத்தியானம் குப்பம்மா பொங்கல் கொண்டுவந்தாள். வெற்றிலைத் தட்டை நீட்டினேன். "வேணாம்க்கா. பல்லு வலி. வெத்தல வுட்டு ஒரு மாசமாச்சு." சரி என்றேன். அவள் குனிந்து பாத்திரத்தை எடுக்கும்போது இடுப்பில் பார்த்தேன். சுண்ணாம்பு டப்பா. மூடியில் இன்னும் ஈரம்.

வெற்றிலை போடாதவளுக்குச் சுண்ணாம்பு எதற்கு?

இன்று கேட்கவில்லை. நல்ல நாள். தவிர, அவள் பிள்ளைகள் கூடவே நின்றன.

தை 2, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

கேட்டேன். மாட்டுக் கொம்புக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டப்பாவ எடு."

"எந்த டப்பா?"

"பாறைக்குப் பொட்டு வெச்ச டப்பா."

தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு கொட்டினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"நீ மலையேறின அன்னிக்கே ஊர்ல உக்காந்து பேசினாங்கக்கா. மொதக் கோலு மரம் எடுத்தவங்க கையாலதான போடணும்? நீ மேட்டுக்காடு ஏற முடியலன்னா மரம் குலுக்கறது எப்படி? செங்கத்துக்காரன் வந்து கேட்டுட்டான். கவுண்டரு சொன்னாரு, தை அஞ்சு வரிக்கும் பொறு, அது நடக்குது, எது வரிக்கும் போவுதுன்னு பாப்போம்னாரு. பாக்கற வேலைய எனக்குக் குடுத்தாங்க. நீ உக்காந்து எழுந்த எடத்துல, உக்காந்த ஒசரத்துக்குப் பொட்டு. அவரு சாயந்தரம் வந்து பாத்துட்டுப் போவாரு."

உண்மைதான். மேட்டுக்காட்டு வழக்கம் அது. மரம் எடுத்தவர் கையால் முதல் கோல் விழாமல் ஒருவரும் ஒரு பழம் பொறுக்கமாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக நான் போட்டது. எப்படி மறந்தேன்?

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? மூச்ச புடிச்சுக்கினு ஒரே நாள்ல மேட்டுக்காட்டுக்கு ஓடிப்போய் நிப்ப. அப்புறம் ஆறு நாள் படுத்துக் கெடப்ப. ஒரு நாள் ஓட்டத்தப் பாத்து மரம் குடுப்பாங்களா?"

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக எடைபோட்டது யார்? கவுண்டரா, இவளா? ஆத்திரமும் வந்தது, ஒருவகையில் மரியாதையும் வந்தது. நான் அவர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்து மதிப்புப் போடுகிறவள். அவர்கள் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

"நாவல் மரத்துல ஒரு பொட்டு கீதே. நான் அங்க போகவே இல்லையே?"

இதற்குத்தான் தலை குனிந்தாள்.

"நீ ரெண்டு நாளா எழுந்திரிக்கல. பொட்டு அதே எடத்துல நின்னா கவுண்டரு இன்னா நெனப்பாரு? நானே கொஞ்சம் தள்ளி வெச்சிட்டேன்."

கள்ள எடை! என் ஆள், என்னிடமே கற்றுக்கொண்டவள். இவளை இனி தராசுப் பக்கம் விடக்கூடாது.

இதை எழுதும்போது கண் கலங்கியது. சாயவாடையாக இருக்கும்.

தை 3, சனி

நடை: நாவல் மரம் வரை. 36 நி. பொய்ப் பொட்டின் மேல் முதுகை வைத்து உட்கார்ந்தேன். இனி அது பொய் இல்லை.

குப்பம்மா மரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை. கூடவே வந்தாள், வழியெல்லாம் பேசினாள். மாமியார், மருமகன், கோழி. நானும் பேசினேன். பாட முடியவில்லை. சரியான வேகம்.

சுவர்ப் பயிற்சி: பென்சில் கோட்டுக்கு மேல் நாலு விரல்.

தை 4, ஞாயிறு

வேண்டுமென்றே நடக்கவில்லை. நாளைக்குக் காலைச் சேமிக்கிறேன். தணிகாசலத்தின் ஜீப் இன்று கவுண்டர் வீட்டு முன்னால். தோசைக்கு ஊறவைத்தேன். சாமைப் பையை வெயிலில் வைத்தேன். குருவி வந்து கொத்தியது, விரட்டினேன்.

கவுண்டர் நல்லவர்தான். ஆனால் ஜீப் இரண்டு மணி நேரம் நின்றது. அவ்வளவு நேரம் என்ன பேச்சு?

தை 5, திங்கள்

பனி இல்லை. நல்ல வெளிச்சம். 6.30க்குக் கிளம்பினேன். ஓடை, இரட்டைப் புளி, பாறை, வேம்பு, நாவல். ஐந்து பொட்டையும் தாண்டினேன். நாவலுக்குமேல் ஏற்றம். நாலு இடத்தில் நின்றேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் அங்கே ஒன்று வைத்துவிடுவாள்.

மேட்டுக்காட்டில் ஏழெட்டு பேர். கவுண்டர் முதல் மரத்தடியில். தணிகாசலமும் இருந்தான், வெள்ளைச் சட்டை, ஜீப்பில் வந்த முகம்.

"நடந்தா வந்தீங்க?" என்றான்.

"ஜீப்புல வர்றவங்களுக்கு எடம் வுட்டுட்டு ஓரமா நடந்து வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. என் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குப்பம்மாவிடம் கையை நீட்டி டப்பாவை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"நீயே வை."

ஆட்காட்டி விரலில் சுண்ணாம்பு எடுத்தேன். இடது கையால். தோள் இழுத்தது, விட்டுக்கொடுத்தது. மரத்தோடு ஒட்டி நின்று, சாமைப் பை அழுந்த, பொட்டு வைத்தேன். நெஞ்சு உயரம்.

பாக்கி ஐம்பத்தொன்பது மரத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்து முடித்தேன். தணிகாசலம் போகும்போது சிரித்துக்கொண்டே போனான். ஏன் என்று தெரியவில்லை. நாளைக்கு மறுபடி ஏறிப் பொட்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.