லூர்மன் விடமாட்டார்

மார்ச் 4, திங்கள்

பயிற்சிக்கு இன்றும் எட்டுப் பேர். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நாலுக்கு நாலு ஆடலாம், மழையில் நனையலாம், வீட்டுக்குப் போகலாம். போட்டிக்குப் போக முடியாது. ஊட்டா அத்தை விசிலை ஊதவே இல்லை, கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றாள். பயிற்சியாளராக மற்றவர்களிடம் சொல்லாததை அப்பாவின் தங்கையாக என்னிடம் சொன்னாள்.

"வீப்கே, கோடைக்குள்ள பதினோரு பேர் சேரலைன்னா பொண்ணுங்க டீமைக் கலைச்சிடுவாங்க. உங்கப்பாவே கையெழுத்துப் போட்டுடுவார்."

அப்பாதான் ஹார்ம்ஸ்பெக் விளையாட்டுச் சங்கத்தின் தலைவர். கலைத்துவிட்டால் நகரத்துச் சங்கத்தில் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் அங்கே போகப் பஸ் இருக்கிறது. திரும்பி வர இல்லை. அதாவது, அத்தோடு என் கால்பந்து முடிந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரான டோலிங்கனின் மைதானத்தில், ஏழு பெண்கள் இதே மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய விளக்குக் கம்பம் எங்கள் கோல் கம்பத்திலிருந்தே தெரியும். எட்டும் ஏழும் பதினைந்து. இதை நான் ஒருத்திதான் கூட்டிப் பார்த்தேனா?

மார்ச் 5, செவ்வாய்

கூட்டிப் பார்த்ததைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி நின்றது.

"டோலிங்கன்காரங்களோடயா?"

"ஆமாம்பா."

"அதுக்கு டீமைக் கலைச்சிட்டே போயிடலாம்."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பச்சை மழைக்கோட்டு கிடையாது, பச்சை சைக்கிள் கிடையாது. பச்சை டோலிங்கனின் நிறம், நீலம் எங்களுடையது. கீரைக்கு மட்டும் விலக்கு. ஆனால் இரண்டு ஊருக்கும் மிச்சம் இருக்கிற ஒரே பேக்கரி டோலிங்கனில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பன் அங்கிருந்துதான் வருகிறது. அம்மா போய் வாங்கி வருவாள், அப்பா நாலு தின்பார். அது எப்படி என்று கேட்டால், "பன் வேற, பந்து வேற" என்கிறார்.

மார்ச் 9, சனி

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அதன் வரலாற்றைப் படி என்று எங்கள் வரலாற்று ஆசிரியை சொல்வார். சரி, படிக்கிறேன். இரண்டு ஊரிலும் போய்க் கேட்டேன். டோலிங்கனுக்கு யெட்டேயோடு போனேன். அவள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், அந்த ஏழு பேரில் ஒருத்தி. அவளுடைய அப்பா ரோல்ஃப்தான் அந்த ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். என்னை உள்ளே விட்டார், ஆப்பிள் ஜூஸ் கொடுத்தார், "ஹென்னிங் பொண்ணா நீ? பாவம்" என்றார்.

கிடைத்த வரலாறு இவ்வளவுதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் பனிமூட்டத்தில் இரண்டு ஊரும் மோதின. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்பதை இரண்டு ஊரும் ஒத்துக்கொள்கின்றன. அந்தப் பத்தடிக்கு அப்பால் பந்து டோலிங்கனின் கோல் கோட்டைத் தாண்டியதை எங்கள் ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்திருக்கிறது. தாண்டாததை அவர்கள் ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்திருக்கிறது. நடுவர் பார்க்கவில்லை. அவர் மட்டும்தான் உண்மையைச் சொன்னவர், அதனால் இரண்டு ஊருக்கும் அவரைப் பிடிக்காது.

அந்த ஆட்டத்தின்போது அப்பாவுக்கு வயது மூன்று. அவரும் பார்த்திருக்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு

கத்த வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 13, புதன்

நிர்வாகக் குழு கூடியது. ஊட்டா அத்தை எழுந்து கூட்டு அணி யோசனையைச் சொல்லியிருக்கிறாள். கை தூக்கச் சொன்னபோது ஆதரவாக அவள் கை மட்டும்தான். அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது லூர்மன் கேட்ட கேள்வி. லூர்மன் எங்கள் சங்கத்தின் பெரிய குரல். ஒலிபெருக்கி கெட்டுப்போனால் அவரைத்தான் நிற்க வைப்பார்கள்.

வருஷா வருஷம் இரண்டு ஊரும் மோதுகிற ஆட்டத்துக்கு டெர்பி என்று பெயர். அதில் தோற்ற ஊரின் தலைவர் ஒரு பெட்டி பீரைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய், ஜெயித்த ஊரின் வாசலில் இறக்க வேண்டும். போன வருஷம் அப்பா தள்ளினார், ஆலங்கட்டி மழையில். டோலிங்கன்காரர்கள் குடைக்குக் கீழே நின்று கைதட்டினார்கள்.

லூர்மன் கேட்டாராம்: "ஒரே டீம் ஆயிட்டா, வண்டியை எவன்டா தள்ளுறது?"

எல்லாரும் அதை யோசித்தார்களாம். நிஜமாகவே யோசித்தார்களாம்! இது பெண்கள் அணி, டெர்பி ஆடுவது ஆண்கள் அணி, அது அப்படியே இருக்கும் என்று அத்தை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மார்ச் 16, சனி

டோலிங்கன் பொதுக்கூட்டம் நேற்று. கூட்டு அணிக்குச் சம்மதம்! யெட்டே காலையிலேயே ஃபோன் செய்தாள். நான் குதித்தேன்.

"ரொம்பக் குதிக்காதடீ. ஏன் சம்மதிச்சாங்க தெரியுமா? நீங்க எப்படியும் மாட்டேன்னு சொல்லுவீங்களாம். நாங்க பெருந்தன்மையா இருந்தோம்னு காலம்பூரா சொல்லிக் காட்டலாமாம். எங்கப்பா கை தட்டித் தட்டிச் சிரிக்கிறார்."

உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

சங்கத்தின் பொருளாளர் இம்கேயைத் தபால் நிலையத்தில் பார்த்தேன். யாரும் இல்லை என்று சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சேந்து ஆடட்டுமே, பிள்ளைங்கதானே. ஆனா லூர்மன் விடமாட்டார்."

மார்ச் 23, சனி

நாளைக்கான பன் வாங்க இன்று என்னை அனுப்பினார்கள். டோலிங்கன் பேக்கரியில் எனக்கு முன்னால் வரிசையில் யார்? லூர்மன். தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுக்காரிக்கு இந்த ஊர் எள்ளு பன்தான் புடிக்கும். வேற ஒண்ணுமில்ல."

நான் ஒன்றும் கேட்கவே இல்லை. வெளியே வந்ததும் அவராகவே நின்றார்.

"எம் பேத்தியும் உன் டீம்லதான இருக்கா. கலைச்சா அவ வீட்ல உக்காந்து போனை நோண்டுவா. எனக்குப் பரவால்ல, சேத்துக்கலாம். ஆனா உங்கப்பன் விடமாட்டான். அவன் அந்த வண்டியைத் தள்ளினவன், அந்த வலி அவனுக்கு இருக்கும்ல."

"அதை நீங்களே அப்பாகிட்ட சொல்லலாமே?"

"ஹென்னிங் கிட்டயா?" பன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

மார்ச் 24, ஞாயிறு

காரில் அப்பாவும் நானும் மட்டும். மெதுவாக ஆரம்பித்தேன். அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"என்னைக் கேட்டா, சேத்துடுவேன். நீ ஆடறதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? ஆனா லூர்மன் ஆளுங்க கிழிச்சுப் போட்டுடுவாங்க. தலைவரா இருந்துக்கிட்டு ஊரை ரெண்டாக்க முடியுமா?"

"லூர்மன் சரின்னுதான் சொல்றார்பா!"

"எவன் சொன்னான்?"

"அவரே. பேக்கரி வாசல்ல."

"லூர்மன்? டோலிங்கன் பேக்கரியில?" அப்பா சிரித்தார். "உனக்குக் கற்பனை ஜாஸ்தி. ரொம்பப் புத்தகம் படிக்கிற."

அட கடவுளே! பனிமூட்டத்தில் பந்தைப் பார்த்தவர், பட்டப்பகலில் லூர்மனை நான் பார்த்ததை நம்ப மாட்டாராம்.

இம்கே லூர்மனுக்குப் பயப்படுகிறார். லூர்மன் அப்பாவுக்குப் பயப்படுகிறார். அப்பா லூர்மனுக்குப் பயப்படுகிறார். வேண்டாம் என்று நிஜமாகவே நினைக்கிற ஆள் எங்கள் ஊரில் யார்? ஒருவரைக் காட்டுங்கள், போதும்.

மார்ச் 27, புதன்

கணக்கு வகுப்பில் தோன்றியது. போன வருஷம் வகுப்புத் தலைவர் தேர்தலில் கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினார்கள். ஆசிரியை அதை ரத்துசெய்துவிட்டுச் சீட்டில் எழுதச் சொன்னார். வேறு ஒருத்தி ஜெயித்தாள்.

ஊட்டா அத்தையிடம் ஓடினேன். கூட்டு அணி பற்றிக் கடைசி முடிவு வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டத்தில்; அங்கேயும் ரகசிய வாக்கு கேட்கலாமா? கேட்கலாமாம். உறுப்பினர் ஒருவர் கேட்டாலே போதுமாம். ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார்களாம்.

"நீங்க கேளுங்க அத்தை."

"நான் கேட்டா டோலிங்கன் கைக்கூலின்னுவாங்க. ஏற்கெனவே சொல்றாங்க. உனக்குப் பதினாறு ஆயிடுச்சுல்ல? உனக்கும் ஓட்டு உண்டு."

எனக்கா? வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னாலே குரல் நடுங்குகிற எனக்கா?

மார்ச் 29, வெள்ளி

பொதுக்கூட்டம். சங்கக் கட்டடம் நிறைந்துவிட்டது. பின்னால் உருளைக்கிழங்கு சாலட் மூடி வைத்திருந்தது, அதன்மேல்தான் எல்லார் கண்ணும். இறந்த உறுப்பினர்களுக்காக எழுந்து நின்றோம், கணக்கு வாசித்தார்கள், புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றி முடிவே இல்லாமல் பேசினார்கள். எங்கள் விஷயம் கடைசியில் வந்தது. லூர்மன் எழுந்து முழங்கினார்: "ஹார்ம்ஸ்பெக் ரத்தம் நீலம்!" எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். இம்கேயும்!

எனக்கு வந்ததே கோபம். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அப்பா "சரி, கை தூக்கிடலாம்" என்றபோது நான் எழுந்து நின்றிருந்தேன்.

"ரகசிய வாக்கெடுப்பு வேணும்."

"என்னது?" என்றார் அப்பா, தலைவராக இல்லை, அப்பாவாக.

"ஒரு உறுப்பினர் கேட்டா நடத்தணும். நான் உறுப்பினர்."

முனகல் எழுந்தது. "சாலட் கெட்டுப்போயிடும்மா" என்றார் யாரோ. "ஹென்னிங், உன் பொண்ணு உன்னையே மடக்குறா பாரு" என்றார் இன்னொருவர். அப்பாவின் காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை. கடைசியில் பீர் கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டைகளைக் கொடுத்தார்கள், எழுத வேறு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் கையால் மறைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எழுதினார்கள். லூர்மன் ஜன்னல் பக்கம் போய் நின்று எழுதினார்.

ஊட்டா அத்தையும் இம்கேயும் எண்ணினார்கள். 'சரி' என்ற அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. 'வேண்டாம்' பக்கத்தில் நாலைந்து அட்டை மட்டும் தனியாகக் கிடந்தன. ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவன்டா இவ்வளவு பேரு?" என்றார் லூர்மன். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு சாலட் சாப்பிட்டார்கள்.

மார்ச் 30, சனி

யெட்டேயின் அப்பாவுக்குத்தான் பெரிய அதிர்ச்சியாம். "சம்மதிச்சுட்டாங்களா? நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாராம். பிறகு உட்கார்ந்து, "இப்ப நாம என்னடா பண்றது?" என்றாராம்.

என் அப்பா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. காலையில் என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஏப்ரல் 14, ஞாயிறு

சேர்வது முடிவாகிவிட்டதால் எதற்குச் சண்டை போடலாம் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர்! ஹார்ம்ஸ்பெக்-டோலிங்கனா, டோலிங்கன்-ஹார்ம்ஸ்பெக்கா? பாலத்துக்கு நடுவில் நின்று பேசினார்கள், ஏனென்றால் யாருடைய கட்டடத்தில் கூடுவது என்பதிலும் உடன்பாடு இல்லை. பேசியவர்கள் யாருக்கும் குளிரவில்லை, பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்குத்தான் குளிர்ந்தது. ஒரு வருஷம் அது முதலில், மறு வருஷம் இது முதலில் என்று முடிந்தது. காசு சுண்டிப் பார்த்ததில் முதல் வருஷம் அவர்களுடையது. லூர்மன் காசை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சட்டை. நீலம் கூடாது, பச்சை கூடாது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் கூடாது. கடைசியில் ஆரஞ்சு. ஒருவருக்கும் பிடிக்கவில்லை, அதனால் எல்லாருக்கும் சம்மதம். போட்டுப் பார்த்தேன். சாலை போடும் ஆட்கள் மாதிரி இருக்கிறோம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பயிற்சிக்குப் பதினான்கு பேர். ஒருத்திக்கு மட்டும் காய்ச்சல். யெட்டே எனக்குப் பந்து தரும்போதெல்லாம் "இந்தா, எதிரி" என்கிறாள். ஊட்டா அத்தை இன்று விசிலை ஊதிக்கொண்டே இருந்தாள். காது வலிக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு எரிச்சலே இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

முதல் ஆட்டம், டோலிங்கன் மைதானத்தில், வால்டே ஊர்ப் பெண்களோடு. நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று யெட்டே அடித்தது, பந்தைக் கொடுத்தது நான்.

அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்தார். பாதி ஆட்டம் வரை கார் நிறுத்துமிடத்திலேயே நின்றார். வால்டேக்காரி ஒருத்தி யெட்டேயைத் தள்ளிவிட்டு, நடுவர் பெனால்டி கொடுக்காமல் விட்டபோது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன: என் அப்பா, யெட்டேயின் அப்பா, நடுவில் லூர்மன்.

"யோவ் நடுவரே! கண்ணு என்ன வால்டேல அடகு வெச்சிருக்கியா?"

"இவனுங்க எப்பவுமே இப்படித்தான் ரோல்ஃப்" என்றார் அப்பா.

"தெரியாதா எனக்கு? இவனுங்க அப்பன் காலத்துலயே இப்படித்தான்!"

ஆட்டம் முடிந்த பிறகும் அந்தத் தள்ளல் பெனால்டி கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பேசினார்கள். மூன்று பேருமே கண்ணால் பார்த்தார்களாம். மூன்று பேருமே அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சாசேஜுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், எனக்குத் தெரியும். மைதானத்தில் இருந்தது நான்தான். வெளியேதான், நடுவர் சொன்னது சரி என்றேன். மூன்று பேரும் என்னைத் துரோகியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

"விடுடீ," என்றாள் யெட்டே, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு. "சந்தோஷமா இருக்காங்கல்ல."

இப்போது மணி ஒன்பது. அப்பா கீழே ஃபோனில் இருக்கிறார், இன்று இரண்டாவது தடவை. ரோல்ஃபோடுதான். மார்ச்சில் அந்த எண்கூட அவரிடம் இல்லை. வால்டேக்காரர்கள் அடுத்த வருஷம் இங்கே ஆட வந்தால் காரை எங்கே நிறுத்த விடக்கூடாது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கத்துகிறார், சிரிக்கிறார், மறுபடி கத்துகிறார். நாளைக்கு எனக்கு லத்தீன் பரீட்சை.