எங்கள் மீட்டரில் யார் குளிக்கிறார்கள்?

ஜனவரி 10, சனி
அஜ்மானில் காலையில் மூடுபனி. எதிர்க் கட்டடத்தையே காணோம். ஏசி நிறுத்தி ஒன்றரை மாதம். கரண்ட் பில் மட்டும் இறங்கவில்லை. வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் ரவியும்தான். குளிக்கக் கால் மணி நேரம் ஹீட்டர். பிறகு எது தின்கிறது?

ரவி: "குளிர்காலம்னா ஹீட்டர் இழுக்கத்தான் செய்யும். விடும்மா."

விட மனமில்லை. எல்லா சுவிட்சையும் அணைத்தேன், ஃப்ரிட்ஜ் உட்பட. லிஃப்ட் பக்கத்து மீட்டர் அறையை வாட்ச்மேன் திறந்துவிட்டார். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு இன்னும் மினுக் மினுக். நான் அங்கே நின்று ஃபோனில் சொல்லச் சொல்ல, ரவி வீட்டுக்குள் பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்பதாவது, பெயர் ஒட்டாதது. விளக்கு நின்றது!

அதை மட்டும் இறக்கியே வைத்தோம். மற்றதெல்லாம் போட்டாயிற்று. வீட்டில் எதுவும் நிற்கவில்லை. அப்படியானால் அது எதனுடையது?

வாங்க: கொத்தமல்லி, பல்பு 2, தைலம்.

ஜனவரி 11, ஞாயிறு
விடை வந்து கதவைத் தட்டியது. பக்கத்து ஃப்ளாட் வாசுகி. யாழ்ப்பாணத்துப் பெண். கையில் இருபது நாள் குழந்தை. பச்சை உடம்பு. கணவருக்கு அபுதாபி பக்கம் முசஃபாவில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார்.

"அக்கா, உங்கட வீட்டிலயும் சுடுதண்ணி வரேல்லையோ? நேற்றையில இருந்து எங்கட ஹீட்டர் சூடாகுதில்லை."

ஓடிப்போய் ஒன்பதாவதைத் தூக்கிவிட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, எனக்குத் தெரியாதக்கா. பிள்ளை பிறந்ததில இருந்து நாள் முழுக்கப் போட்டே வச்சிருந்தனான்."

"பரவாயில்லம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றும் சொன்னேன்.

ஜனவரி 13, செவ்வாய்
எலக்ட்ரீஷியன் இன்றும் வரவில்லை. வாட்ச்மேன் தினமும் "மாஃபி முஷ்கில்". பிரச்சினையே இல்லையாம். ரவி வேலை முடிந்து துபாயிலிருந்து வர இரண்டு மணி நேரம். ரசம், அப்பளம்.

ஜனவரி 15, வியாழன்
எலக்ட்ரீஷியன் வந்தார். இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் திறந்து குடைந்தார். கட்டும்போதே மாறிப்போன வயர்கள். வாசுகியின் ஹீட்டர் எங்கள் மீட்டரில். எங்கள் படுக்கையறை ஏசி அவர்கள் மீட்டரில்! கோடை முழுக்க இரவு பகலாக ஓடிய ஏசி. இப்போது நின்றிருந்ததால் சனிக்கிழமை தெரியவில்லை.

ரவி ஃபோனில்: "மாத்தியாச்சுல்ல, கலாஸ், முடிஞ்சுது. எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

போனேன். சொன்னேன். வாசுகி கோபப்படவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்கள் பாத்துப் போடச் சொன்னனீங்கள்தானே அக்கா. பிள்ளைக்கு மட்டுந்தான் ஹீட்டர் போட்டனான். நான் நாலு நாளாப் பச்சைத்தண்ணியிலதான் குளிக்கிறன்."