சவுக்கு நடப்போகும் மணல்

26 செப்டம்பர் 1967, செவ்வாய்

புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. காலாண்டு லீவு விட்டும் ஓய்வில்லை. இவருடன் கோவளத்துக்கு வடக்கே கடற்கரைக்கு. பேட்டரிப் பெட்டி தூக்க வந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான். இவர் இடுப்பு அதைத் தாங்காது, இனி நான்தான்.

யுத்த காலத்தில் பட்டாளத்தார் குண்டு சுட்டுப் பழகிய மணல். இப்போது வேணுகோபால் என்பவர் குத்தகைக்கு எடுத்துச் சவுக்கு நடப்போகிறார். அதற்கு முன் அடியில் கிடக்கும் இரும்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இவர் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடியவர். பிறகு ரயில்வே ஷெட்டில் பாய்லருக்குள் சுத்தியல் வேலை. இந்த வருஷம் ரிடையர். வீட்டில் உட்கார முடியாமல் ஒப்புக்கொண்டார். பழைய பட்டாள மெஷின்: நீளக் கம்பு, நுனியில் தட்டு, நீள ஒயரில் பின்னால் வரும் பேட்டரிப் பெட்டி, காதில் ஹெட்போன். இரும்புக்கு மேலே தட்டு போனால் காதில் கொசு மாதிரி கீச்சிடுமாம்.

இன்று கிடைத்தவை: முள்கம்பி, துருப்பிடித்த தோட்டா உறைகள், ஒரு மாட்டு லாடம்.

திரும்பும்போது பஸ்ஸில், பெரியவளுக்கு எட்டாம் மாசம், எப்போது போய் அழைத்துவருவது என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். கண்டக்டர் கேட்டதும் உடனே பதில். எனக்கு மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். இரண்டாம் தடவை கேட்பதை விட்டுவிட்டேன்.

27, புதன்

கால் வீக்கம். அரிசியெல்லாம் கல். பொறுக்க நேரமில்லை.

இவர் பார்த்து முடித்த தெற்குப் பக்கத்தில் சிறுசேரிப் பெண்கள் குழி போட ஆரம்பித்தார்கள். குப்பம்மா என்பவளின் கடப்பாரை டங்கென்றது. அவள் அப்படியே சிலையாக நின்றாள்.

"சார், இங்க இன்னாவோ கீது. நான் காலை எடுக்கவா, வேணாவா?"

இவர் எடுக்கச் சொல்லி, எல்லோரையும் தூர விரட்டிவிட்டு, குப்புறப் படுத்து விரலால் மணலை ஒதுக்கினார். ஒரு முழ நீளம், கூர்மூக்கு, வெடிக்காத குண்டு. சுற்றிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். போலீசுக்கு ஆள் போயிற்று. சனிக்கிழமை பட்டாளத்தார் வந்து வெடிக்கவைப்பார்களாம்.

நேற்றே பார்த்தாச்சு என்றீர்களே என்று வேணுகோபால் கேட்டார். பேட்டரி வீக் என்றார் இவர். முகம் நன்றாக இல்லை.

28, வியாழன்

புது பேட்டரி வாங்க இவர் பட்டணம் போனார். மண்ணெண்ணெய் கியூ. மதியம் தூக்கம். வேறொன்றுமில்லை.

29, வெள்ளி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

புது பேட்டரி. வடக்குப் பக்கம். பத்து மணி வாக்கில் தூக்குப் பாத்திரத்திலிருந்து காபி ஊற்றிக்கொண்டு இவர் பின்னாலேயே போனேன். கிட்டே போனதும் கீச்சென்று ஒரு சத்தம். பறவை என்று நினைத்தேன். இவர் காதிலிருந்த ஹெட்போனிலிருந்து வருகிறது. வெளியே நிற்கும் எனக்குக் கேட்கிறது. இவர் தட்டை ஆட்டிக்கொண்டு மேலே நடக்கிறார்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். காபி மணலில். கோபமாகத் திரும்பினார். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்துக்கொண்டு, தட்டை அதே இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். காது கிழிந்தது.

அலறுகிறது என்று கை காட்டினேன். இவர் கம்பைக் கீழே வைத்தார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் கேக்குது எஸ்தர். அலை கேக்குது, பஸ் கேக்குது. கீச்சுன்னு இருக்கறது மட்டும் கேக்கல. உன் குரலும்தான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். குப்பம்மாவின் கால். அப்புறம்தான் மற்றதெல்லாம்: பஸ், சாப்பாட்டு நேரம், நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பிப் படுத்த ராத்திரிகள். சொல்லியிருக்கலாமே என்றேன். எதிரே உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி. பேட்டரியாகத்தான் இருக்கவேண்டும் என்று நேற்று முழுக்க ஜெபம் பண்ணினாராம்.

அந்த இடத்திலும் சிவப்புத் துணி கட்டிவிட்டு, வேணுகோபாலிடம் இவரையே சொல்லவைத்தேன். சொன்னார், சுருக்கமாக. பெண்களை நிறுத்தியாச்சு. மழைக்கு முன் நடாவிட்டால் கன்று பிழைக்காது என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உங்களுக்கெல்லாம் கூலி போச்சே என்று குப்பம்மாவிடம் சொன்னேன். "கூலி போனா போவுது டீச்சர். காலு இருந்தா நாளைக்கு நட்டுக்கலாம்." வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

30, சனி

வெயில். தெற்குப் பக்கம் முழுக்க மறுபடி. கம்பும் தட்டும் இவர் கையில், ஹெட்போன் என் காதில். நான் கை தூக்கினால் நிற்பார். ஒரு கட்டத்தில் கை தூக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து நின்றார். இன்னும் மூன்று இடம். இரண்டு வெறும் தகரம். ஒன்று குண்டு.

மத்தியானம் பட்டாளத்தார் வந்து எல்லாவற்றையும் சேர்த்து வெடித்தார்கள். மணல் தென்னை உயரம் எழுந்தது. "இது கேட்டுது," என்றார் இவர். சிரித்தாரா என்று தெரியவில்லை, வாய் கோணியது.

வீடு வந்து பெரியவள் பேச்சை எடுத்தேன். அடுத்த வாரமே நான் போய்க் கூட்டிவருகிறேன் என்றார். இவ்வளவுதான். இதற்கு எத்தனை நாள்.

1 அக்டோபர், ஞாயிறு

கோயில். பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். இவர் முதல் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார், எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் வேணுகோபால் வீடு தேடி வந்தார். நாளைக்கு ஆளை இறக்கலாமா, வடக்குப் பக்கம் பயமில்லையே என்று இவரைக் கேட்டார். இவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"கேக்கறது இவங்க. இவங்களையே கேளுங்க."

தெற்கில் நடலாம், வடக்கில் பாதி பாக்கி, பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் சனிக்கிழமைதான் வருவேன், அதுவரை அந்தப் பக்கம் ஒரு மண்வெட்டி விழக்கூடாது என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். சரிங்க டீச்சர் என்று எழுந்து போனார்.

தோள் இரண்டும் கழன்ற மாதிரி வலி. காதுக்குள் இன்னும் கீச்.