மயிலைப் பற்றிப் பேசப்போன அப்பா

உ
கொடிகாமம்
24.01.2025

அன்பு மகள் துஷாந்தினிக்கு,

முழங்கால் பிடிப்பைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் பேரன் பிரவீணனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். தொலைபேசியில் கதைத்தால் அப்பா பக்கத்தில் இருந்து காது கொடுப்பார். அதனால்தான் நோர்வேக்குத் திரும்புகிற சுபாங்கனிடம் மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே இப்போது ஊர்க்கதை சட்டம்தான். மிருகம், பறவை, மரங்களைப் பாதுகாக்கிற சட்டங்களைத் திருத்த யோசிக்கிறார்களாம், அதற்குச் சனத்தின் கருத்தைக் கேட்கிறார்களாம். எனக்கு ஒரே புதினம். இந்த அறுபத்தாறு வயதுக்கு, சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அப்பாவுக்கோ தன் கோபத்தைக் கேட்க ஆள் வருகிறது என்று சந்தோஷம். போன வருடம் விதைத்த கச்சான் கடலையை முளைவிட்ட மூன்றாம் நாளே மயில்கள் கிளறித் தின்றன, மறுபடி விதைத்ததையும் விடவில்லை. மயிலில் கைவைக்கச் சட்டம் விடாது. ஆகவே மயிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்து எடுக்கவேண்டும், தோட்டத்துக்குள் வந்தால் சுட விடவேண்டும் என்று மூன்று நாள் இருந்து இரண்டு பக்கம் எழுதினார். வாசித்துக் காட்டிக் காட்டி எனக்கே பாடமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளையரும் தானும் அதையே சொல்லுவதாகச் சத்தியம் பண்ணாத குறை.

சனசமூக நிலையத்துக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று கருத்துக் கேட்கிற கூட்டத்தைக் கந்தசுவாமி கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. தைப்பூசத்துக்காக மயில் வாகனத்துக்குப் புது வர்ணம் பூசி அதே மண்டபத்தில் காயவிட்டிருந்தார்கள். வனஜீவராசிகள் அலுவலகத்தில் இருந்து வந்த சிவகௌரி என்ற பிள்ளை கதிரையில் இருக்கிறாள், அவளுக்குப் பின்னால் ஆளுயர மயில், கண் இரண்டும் பளபளவென்று எங்களையே பார்க்கிறது. அப்பா எழும்பினார், தாளை விரித்தார், ஒருமுறை செருமினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை என்றார். எங்கள் வளவுக்குள் குரங்கு வந்ததை நான் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். ஆழ்வாப்பிள்ளையர் எழும்பினார், அவரும் குரங்கு. அவருக்குப் பின் பதினொரு பேர், எல்லாரும் குரங்கு. குனிந்த தலை நிமிராமல் எழுதிய அந்தப் பிள்ளை, மயிலால் இந்த ஊரில் கரைச்சல் இல்லையா என்று கேட்டாள். எல்லாருடைய கண்ணும் அவளுக்குப் பின்னால் இருந்த வாகனத்துக்குப் போனது. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். வரும் வழியில் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "அந்தாளுக்கு முன்னாலை நிண்டு, உன்ரை வாகனத்தைச் சுடவேணும் எண்டு நான் எப்பிடியப்பா சொல்லுறது?" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்புப் போய்விட்டது. இந்த முறை கச்சான் போடவில்லை, இனித் தோட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வருடம் மண்ணில் நின்ற மனிதர், இப்போது காலையில் தோட்டப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகள்.

எழுத்திலும் கருத்துச் சொல்லலாம் என்று படிவம் தந்தார்கள். அப்பா தொடவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். கோயிலுக்கு வெளியே ஆளுக்கொரு நியாயம். சுடத்தான் வேண்டும் என்கிறார்கள் சிலர், சுட்டால் பாவம், நட்டஈடு தரட்டும் என்கிறா ஆழ்வாப்பிள்ளையரின் மனைவி, பாம்பைப் பிடிக்கிற பறவையை விடுங்கள் என்கிறா லவீனா ரீச்சர். ஆனால் முன்பு எங்கள் பக்கம் காணாத மயில் இப்போது ஏன் வருகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. படிவம் சேர்க்க வந்த சிவகௌரியிடம் கேட்டேன். அவள் தோட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, வேலிக்கு அங்காலே இருக்கிற பற்றைக்காட்டைக் காட்டினாள். மயில் அதற்குள்தான் தங்குகிறது, பற்றை இருக்கும்வரை சட்டத்தை எப்படித் திருத்தினாலும் அது வரும் என்றாள். முட்டை இருக்கிற இடத்தைத் தொடாமல் மற்றதை வெட்டலாம், ஆனால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், யாருடைய காணி என்றாள். என் மகளுடையது என்றேன்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்குச் சீதனமாக எழுதின ஆறு பரப்புக் காணியையும் நீ போன பிறகு பற்றையாக விட்டது நாங்கள்தான். பிள்ளையின் காணியில் கேட்காமல் ஒரு கொப்பும் வெட்டக்கூடாது என்கிறார் அப்பா. சரி, கேட்போம் என்றால், கொடுத்த காணியில் கண்வைக்கிறோம் என்று பிள்ளை நினைக்கும், கேட்கவும் வேண்டாம் என்கிறார். படிவத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: மயிலைச் சுடவும் வேண்டாம், எங்களைக் கைவிடவும் வேண்டாம், ஊரில் இல்லாதவர்களின் காணிகளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். என் பெயரில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

முருகன் உங்கள் மூவரையும் கண்போல் காக்கட்டும். தூளை ஈரமில்லாத போத்தலில் போட்டு வை, பிரவீணனுக்குக் காது மூடத் தொப்பி போட்டு அனுப்பு. அப்பா விதைக் கச்சானைச் சந்தையில் கொடுத்துவிடச் சொல்லி நாலு நாளாகிறது. சந்தைக்குப் போய் வந்தேன், கொடுக்கவில்லை. மாசியிலும் கச்சான் போடலாம், அது பிறக்கும் முன் நீயே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, நான் எழுதினதாகச் சொல்லாமல், உன் காணியைத் துப்புரவாக்கித் தரச் சொல்லிக் கேள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
சோ. கமலாவதி